அக்கா தெரிவு செய்த வைன் தோட்டம்

இத்தாலிப் பயணத் திட்டத்தில் ஒரு நாள் மட்டும் அக்காவுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்தது. திட்டம் முழுவதும் என் மகளுடையது. முதலில் ரோம், பிறகு பதுவாவில் அந்தோனியார் கோயில், கடைசியாக வெனிஸ். பதுவாவில் நிற்கும்போது ஒரு நாள் என் மனைவியும் அக்காவும் கோயிலில் ஆறுதலாக இருந்து செபிப்பார்கள். நானும் மகளும் எங்காவது ஒரு வைன் தோட்டத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, ருசி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அக்கா கேட்டால் மியூசியம் என்று சொல்வதாக ஏற்பாடு.

ஒளித்ததற்குக் காரணம் அத்தான், அக்காவின் கணவர். குடித்து ஈரல் கெட்டு இறந்தவர். அவர் அடிக்கிற குடிகாரர் இல்லை, சத்தம் போடுகிறவரும் இல்லை. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வேலை முடிந்து வந்தால், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் அவர்களுடைய வரிசைவீட்டின் பின்பக்கத்தில் ஜாக்கெற்றோடு நின்றபடியே குடிப்பார். மாரியில் குடித்து முடித்த போத்தல்களைப் பனிக்குள் புதைத்துவிடுவார். ஏப்ரலில் பனி உருக, அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். அக்கா அவற்றைப் பொறுக்கிக் கழுவிப் பைகளில் போட்டு, வெற்றுப் போத்தல் எடுக்கிற கடைக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். பஸ் ஒவ்வொரு தரம் பிரேக் பிடிக்கும்போதும் பை கிலுங்கும். அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தெரிந்த சனம். அக்கா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பார். ஒருமுறை நான் அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். 

அத்தான் போன பிறகு, அக்கா எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் வைன் கிளாஸ்கள் அலுமாரிக்குள் போய்விடும். அப்படிச் செய்வோம் என்று நாங்கள் யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிளாஸ் குடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அக்கா நிற்கிற வெள்ளிக்கிழமை என்றால் தேத்தண்ணி.

மகள் பயண வேலைகளில் மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊரான விட்பியின் ஸ்ரேஷனில் இறங்கிய அக்காவை நான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கையில் கணவாய்க்கறிச் சட்டி. நாங்கள் உள்ளே வந்தபோது மகள் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பைத் திறந்து வைத்திருந்தாள். மூடுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

“உதென்ன தோட்டம்?” என்று அக்கா கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

“மாமி, இட்ஸ் லைக்... ஒரு ஃபாம்.”

“திராட்சைத் தோட்டம் எண்டு எனக்குத் தெரியுது. கண் இருக்கு. என்னத்துக்கு மேலை வைன் கிளாஸ் படம்?”

என் மனைவி சட்டியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: “அது தகப்பனும் பிள்ளையும் போறதுக்குப் பாக்கினம் மச்சாள். நாங்கள் ரெண்டுபேரும் கோயில்லை நிப்பம்.”

அக்கா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அங்கை போய் என்ன செய்யிறது?”

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தைக் காட்டுவார்கள், நிலவறையைக் காட்டுவார்கள், பிறகு ஒரு மேசையில் இருத்தி ஒவ்வொரு வைனாகக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள் என்று விளக்கினாள். விளக்கி முடித்துவிட்டு, அக்காவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “குடிக்கத் தேவையில்லை மாமி. யூ கன் ஸ்பிற். வாயிலை வைச்சுப் பாத்திட்டுத் துப்பலாம். எக்ஸ்பேர்ட்ஸ் எல்லாரும் துப்புவினம்” என்றாள்.

“துப்புறதோ?”

“ஓம். அதுக்கெண்டு ஒரு பக்கெற் வைச்சிருப்பினம்.”

“ஆர் துப்புறது?”

“வைன் செய்யிற ஆக்கள். விக்கிற ஆக்கள். எல்லாரும்.”

அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்தார். “துப்பிப்போட்டு, பிறகு வீட்டை போய்க் குடிக்கமாட்டினமோ?”

மகள் அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாக உருட்டித் தேடினாள். 

“அப்ப நானும் வாறன்” என்றார் அக்கா.

கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள். கோயிலுக்கென்று வெளிக்கிட்ட பயணத்தில் வைன் தோட்டத்தைச் செருகியது அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. “அந்தோனியாரைக் கும்பிடப் போற பயணத்திலையோ, மச்சாள்?”

“ஏன், பூசையிலை வைன் இல்லையோ?”

“வைன் தோட்டம்தான் பாக்கவேணுமெண்டால் நயாகராவிலை எத்தினை கிடக்கு. காரிலை போயிட்டுப் பின்னேரம் வந்திடலாமே.”

“நயாகராவிலை எங்கடை சனம் நிக்கும்” என்றார் அக்கா.

என் மனைவி கறியை மேசைக்குக் கொண்டுவந்தாள். சாப்பிட்டோம்.

அடுத்த கிழமைகளில் தெரிவு நடந்தது. ஒரு வைன் தோட்டத்தைத் தெரிவு செய்வது இவ்வளவு வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை. காலையில் டவுன்டவுனுக்கு வேலைக்குப் போகிற ட்ரெயினில், போனில் ஒவ்வொரு இடத்துக்கும் வந்துபோனவர்கள் எழுதியதை வாசிப்பேன். எல்லா இடமும் வாழ்நாளில் மறக்க முடியாத இடமாக இருந்தது. எல்லா இடத்திலும் தோட்டத்துக்காரர் தங்களை உறவினர் மாதிரி நடத்தினாராம். குறை சொன்னவர்கள் எழுதியதில்தான் ஏதாவது விஷயம் இருந்தது. ஒருவருக்கு நாய் குரைத்தது பிடிக்கவில்லை. ஒருவருக்கு வைனோடு தின்னக் கொடுத்த பாண் காய்ந்திருந்தது. இன்னொருவர், தங்களோடு பஸ் நிறையச் சனத்தை உள்ளே விட்டு ஆடு மாடு மாதிரிச் சாய்த்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருந்தார். அந்த இடத்தை நான் தள்ளிவிட்டேன்.

கடைசியில் மூன்று மிஞ்சின. ஒன்று தஸ்கனியில் ஒரு பழைய கோட்டை. அது மகளின் விருப்பம். சைப்ரஸ் மரங்களின் நடுவே பாதை, மேலே மொட்டைமாடியில் மதியச் சாப்பாடு. “அப்பா, லுக் அற் த வியூ” என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டாவது பதுவாவுக்குக் கிட்ட, பஸ் போகிற பாதையில் உள்ள பெரிய நிறுவனம். துப்புரவான கழிவறை இருப்பதாகப் பலர் எழுதியிருந்ததால் அது என் மனைவியின் விருப்பம். மூன்றாவது வெரோனாவுக்கு மேலே குன்றுகளில் ஒரு குடும்பத்தின் தோட்டம். அதன் இணையப்பக்கம் பழைய காலத்துப் பக்கம், படங்கள் மங்கல். ஒரு படத்தில் றப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் திராட்சையைப் பிடுங்கி மாதக்கணக்கில் காயவைத்துப் பிறகு பிழிகிறவர்கள். அந்த முறையில் செய்த சிவப்பு வைனை ஒருமுறை வேலையிடத்து விருந்தில் குடித்திருக்கிறேன். எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

அக்கா படங்களைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. மூன்று இடத்துக்கும் ஈமெயில் அனுப்பச் சொன்னார்.

“என்ன கேக்கிறது, மாமி?”

“ருசி பாக்கேக்கை துப்பினால் குறை நினைப்பினமோ எண்டு கேள். அங்கை வேலை செய்யிற ஆக்களும் துப்புறவையோ எண்டு கேள்.”

“மாமி, தே வில் திங்க் வீ ஆர் வியர்ட்.”

“நினைக்கட்டும்.”

மகள் என்னிடம் முறையிட்டாள். கேட்டுவிடு என்று சொன்னேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு எழுதி அனுப்பினாள்.

கோட்டையிலிருந்து உடனேயே பதில் வந்தது. எங்கள் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, இருக்கைகளைப் பதிவு செய்கிற இணைப்பு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். கேள்விக்குப் பதில் இல்லை. பெரிய நிறுவனம் இரண்டு நாள் கழித்து எழுதியது: துப்புவதற்குக் கலங்கள் உண்டு, ஆனால் எங்கள் வைன்களை ருசித்த பிறகு பெரும்பாலான விருந்தினருக்கு அவை தேவைப்படுவதில்லை. அதை ஒரு பகிடியாக எழுதியிருந்தார்கள். மகள் வாசித்துக் காட்டியபோது அக்கா சிரிக்கவில்லை.

குன்றுத் தோட்டத்திலிருந்து பதில் வர நாட்கள் எடுத்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். ‘மன்னிக்கவும், இப்போது தோட்டத்தில் வேலை அதிகம். ஓம், துப்பலாம். நான் ஒவ்வொரு நாளும் காலையில் துப்புகிறேன். துப்பாவிட்டால் மத்தியானம் என்னால் ட்ராக்டர் ஓட்ட முடியாது. கேட்ட பெண்மணி வரட்டும்.’

அக்கா அதை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, “உதுக்குத்தான் போவம்” என்றார்.

மகள் விடவில்லை. அங்கே ட்ரெயின் போகாது, வெரோனாவில் இறங்கி வாடகை வான் வண்டி பிடிக்கவேண்டும், மதியச் சாப்பாடு தரமாட்டார்கள், படம் எடுக்க ஒன்றும் இல்லை என்று அடுக்கினாள்.

“சாப்பாட்டை நாங்கள் கட்டிக்கொண்டு போவம்” என்றார் அக்கா.

மகள் தலையை மேசையில் வைத்துக்கொண்டாள். என் மனைவி அவள் முதுகைத் தட்டினாள். அப்போதுதான் மனைவியும் வரப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. “மச்சாள் போனால் நான் தனியக் கோயில்லை என்ன செய்யிறது?” என்றாள்.

செப்டெம்பர் கடைசியில் போனோம். ரோமில் நடந்து நடந்து அக்காவின் கால் வீங்கியது. பதுவாவில் அந்தோனியாரின் கல்லறையில் எல்லோரும் செய்வது போலக் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நாலுபேரும் வெரோனாவுக்கு ட்ரெயின் எடுத்தோம். வான் எங்களைக் குன்றுப் பாதையில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பழைய கல்வீட்டின் முன்னால் இறக்கிவிட்டது. அக்காவின் பையில் பாணுக்குள் வைத்த முட்டைப் பொரியல்.

படத்தில் இருந்த அதே பெண்தான் வந்தாள். அறுபதுக்கு உள்ளே இருக்கும். அதே பூட்ஸ் அல்லது அதே மாதிரி இன்னொரு சோடி. விரல்களின் ஓரமெல்லாம் ஊதாநிறம். கை கொடுக்கத் தயங்கி, முழங்கையை நீட்டினாள். எங்களில் யார் கேட்டது என்று கேட்டாள். மகள் அக்காவைக் காட்டினாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நடந்தாள். வரவேற்பு அவ்வளவுதான்.

முதலில் மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்திருந்தன. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள், தட்டுகளில் ஒற்றை வரிசையாகப் பரப்பிய திராட்சைக் குலைகள். குளவிகள் பறந்தன. மாரி முழுக்க இப்படியே கிடக்கும், நீர் வற்றி இனிப்பு ஏறும் என்று சொன்னாள்.

“பழுதாகாதோ எண்டு கேள்” என்றார் அக்கா.

பழுதாகும், பழுதானதைப் பொறுக்கி எடுப்போம், மழைக்காலம் என்றால் கூடுதலாகப் பழுதாகும் என்று அந்தப் பெண் சொன்னாள். அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு தட்டுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

அதன் பிறகு நிலவறை. படிகளில் இறங்க இறங்கக் குளிர். கதவைத் திறந்ததும் வைன் மணம் முகத்தில் அடித்தது. நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாசலில் நின்று பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். மூக்கால் இரண்டு மூன்று தரம் இழுத்தார். பிறகு உள்ளே வந்தார்.

பீப்பாக்களுக்கு நடுவே ஒரு மரமேசை. கிளாஸ்கள், ஒரு தட்டில் காய்ந்த பாண், நடுவில் தகர வாளி. அந்தப் பெண் முதல் வைனை எல்லோருக்கும் ஊற்றினாள். தன் கிளாஸைச் சுழற்றி, மணந்து, வாயில் எடுத்து, கன்னங்களுக்குள் உருட்டி, வாளியைப் பார்த்துத் துப்பினாள். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. நூல் பிடித்த மாதிரி நேரே போய் விழுந்தது. பழக்கம் என்றாள்.

என் மனைவி கிளாஸைத் தொடவில்லை. நானும் மகளும் விழுங்கினோம். அக்கா வாயில் வைத்தார். வைத்துக்கொண்டே எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு குனிந்து துப்பினார். பாதி வாளிக்குள் போனது, மீதி நாடியால் வழிந்து ஜம்பரில் கொட்டியது. என் மனைவி பேப்பர் துண்டோடு பாய்ந்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உதட்டைக் குவித்து, பல்லுக்கு நடுவால் ஊதுவது எப்படி என்று இன்னொரு தரம் செய்து காட்டினாள். அக்கா தண்ணீரில் பழகினார். மூன்றாவது வைனுக்கு வரும்போது ஓரளவு நேரே துப்பினார். மகள் கை தட்டினாள்.

“எப்பிடி அக்கா இருக்கு?” என்று கேட்டேன்.

“புளிக்குது” என்றார். கிளாஸை மீண்டும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். “இது அவரிலை மணக்கிற மணம் இல்லை, தம்பி.”

அத்தான் குடித்தது விஸ்கி. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அக்கா மகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

“இவ துப்பாமல் ஒருக்காலும் குடிக்கிறேல்லையோ எண்டு கேள்.”

குடிப்பேன், இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்று பதில் வந்தது.

“ஒண்டோடை எப்பிடி நிப்பாட்டுறவ எண்டு கேள்.”

மகள் தயங்கினாள். “மாமி, தற்ஸ் கைண்ட் ஓஃப் பேர்சனல்.”

“கேள், பிள்ளை.”

மகள் கேட்டாள். அந்தப் பெண் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அவளுடைய உடைந்த ஆங்கிலத்தை மகள் பிறகு எங்களுக்கு விளக்கியதை வைத்து எழுதுகிறேன். “எனக்குத் தெரியாது. நான் நிறுத்துவதில்லை. கிளாஸ் முடியும், நான் எழும்பிப் போய்விடுவேன். கஷ்டப்பட்டுச் செய்கிற காரியம் என்றால் எப்படி என்று சொல்லலாம். இது கஷ்டமே இல்லையே.” கொஞ்சம் பொறுத்து, தான் கெட்டிக்காரி என்பதால் அல்ல என்றும் சொன்னாளாம்.

அக்கா “ஓம்” என்றார். 

கடைசியாக ஊற்றியது இனிப்பு வைன், சின்னக் கிளாஸில். அக்கா வாயில் வைத்தார். நாங்கள் வாளியை அவர் பக்கம் நகர்த்தினோம். அவர் துப்பவில்லை. எங்கள் மூன்றுபேரின் பார்வையையும் கண்டுவிட்டு, “இனிச்சுது, தன்பாட்டிலை உள்ளை போட்டுது” என்றார். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் விஷயம் விளங்காமலேயே சேர்ந்து சிரித்தாள். வெளியே வந்து ஒரு மதிலில் இருந்து முட்டைப் பாணைச் சாப்பிட்டோம். அக்கா அந்தப் பெண்ணுக்கும் ஒன்று கொடுத்தார். அவள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

குன்றிலிருந்து வான் வண்டியில் திரும்பி வரும்போது அக்காவும் நானும் பின் இருக்கையில் இருந்தோம். மற்ற இருவரும் முன்னால் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மனம் வைச்சால் விடலாம், மனம் வைச்சால் விடலாம் எண்டு அவருக்கு நான் சொல்லாத நாள் இல்லை” என்றார் அக்கா. “உந்தத் தோட்டக்காரியைப் பார். அவவுக்கு மனம் வைக்கவே தேவையில்லாமல் கிடக்கு.”

“ஓம் அக்கா.”

“அவர் மனம் வைச்சவர் எண்டுதான் இப்ப நினைக்கிறன். நிறையத் தரம் வைச்சிருப்பார்.”

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அத்தான் ஒருமுறை என்னிடமும் இனித் தொடமாட்டேன் என்று சொல்லி, ஒரு கோடை முழுவதும் தொடாமல் இருந்ததைச் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். வெரோனா ஸ்ரேஷன் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பதுவா ட்ரெயினில் நன்றாக நித்திரை கொண்டார். வெனிஸில் மழை. நனைந்துகொண்டு சுற்றிவிட்டு ரொறன்ரோ திரும்பினோம்.

நவம்பரில் அத்தானுக்கு ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுத்து, மல்வேர்னில் அக்காவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கோயிலிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள்தான். அத்தானின் நல்ல குணங்களைச் சொல்வார்கள்; குடியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வருடம், மன்னாரில் அத்தானின் ஊர்க்காரியான ஒரு வயதான அம்மா, சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தொட்டுவிட்டார்.

“நல்ல மனுசன். கொஞ்சம் மனம் வைச்சிருந்தால் இண்டைக்கு இருந்திருப்பார்.”

 என் மனைவி என்னைப் பார்த்தாள். அக்கா சோற்றுச் சட்டியோடு சமையலறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.

“இல்லை அன்ரி” என்றார். “அவருக்கு ஏலாமல் போச்சுது. எத்தினையோ தரம் விட்டுப் பாத்தவர். போத்தலைப் பனிக்குள்ளை தாட்டு வைச்சிட்டு நிண்டவர். பாவம்.”

குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. ஹோலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அந்த அம்மா தலையாட்டினார். அக்கா அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்டார்.